டீச்சரிடம் கேளுங்கள்: கையுறை போட்ட ராணி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே ராணியைப் பற்றியே இருந்தன. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்படித்தான். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டீச்சர், நாங்கள் சுங்கை சிப்புட்டில், முன்பு தோட்டமாக இருந்த இடத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். மூத்தவளுக்கு 11 வயது. இரண்டு வருடமாகக் கோயில் மண்டபத்தில் சிலம்பம் கற்கிறாள். தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கம்பு சுற்றிக்கொண்டிருந்தபோது 6 வயதுத் தங்கை பின்னால் ஓடி வந்துவிட்டாள். புருவத்தில் அடி, 3 தையல். அன்றிலிருந்து பெரியவள் கம்பைத் தொடவில்லை. தங்கையோடு ஒரே மெத்தையில் படுப்பவள் இப்போது ஹாலில் தனியாகப் படுக்கிறாள். அவள் அப்பாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் வேலை. அவர் கொண்டுவந்து வைத்திருக்கும் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டில் நடமாடுகிறாள். ஃப்ரோசன் படத்தில் அந்த ராணி மலையில் பாடுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். இப்போது பள்ளியில் அவளைக் கட்டொழுங்கு மாணவர் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். "எனக்கு வேணாம்மா, நான் யாரையாச்சும் காயப்படுத்திடுவேன்" என்று அழுகிறாள். அந்தப் படத்தைப் பார்க்க விடாமல் நிறுத்திவிடவா?
(பி.கு.: அன்றைக்கு ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் "இனிமே நீ அவ பக்கத்துலயே போகாதே" என்று கத்திவிட்டேன்.)

பதில்: பின்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்களே தங்கச்சி, கடிதமே அதுதான்.

படத்தை நிறுத்த வேண்டாம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஒரு தடவை பாருங்கள். நான் என் பேத்தியோடு பார்த்தேன், எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். அந்த எல்சா சின்ன வயதில் தங்கையோடு ராத்திரி விளையாடுகிறாள். கையிலிருந்து பனி வருகிறது, இரண்டு பேருக்கும் ஒரே குதூகலம். ஒரு தடவை குறி தவறி, தங்கையின் தலையில் பட்டுவிடுகிறது. பிள்ளை பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் அப்பா அம்மா பயந்துபோகிறார்கள். அரண்மனைக் கதவைச் சாத்துகிறார்கள், அக்காவைத் தனி அறையில் வைக்கிறார்கள், அப்பா கையுறை மாட்டிவிடுகிறார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உங்களை மாதிரி, என்னை மாதிரிப் பதறிப்போனவர்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: 'என் கை ஆபத்து.' உங்கள் வீட்டிலும் கம்பு பட்டதைவிட நீங்கள் கத்தியதுதான் அவளுக்குள் இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் பாட்டு. ஊரே அதை விடுதலைப் பாட்டு என்று கொண்டாடுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. பட்டாபிஷேகத்தன்று கையுறை பறிபோய், எல்லார் கண்முன்னும் பனி கொட்டி, ஊரைவிட்டு ஓடிவந்தவள் யாருமில்லாத மலையில் நின்று பாடுகிற பாட்டு அது. கீழே தன் நாடு கோடைகாலத்தில் உறைந்து கிடப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. பயம் போகவில்லை. பயப்பட ஆள் இல்லாத இடத்துக்கு அவள் போய்விட்டாள், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு ஹால்தான் அந்த மலை. அதனால்தான் அந்த இடத்தையே போட்டுப் பார்க்கிறாள்.

படத்தின் முடிவில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. 'அன்புதான்' என்று புரிந்த மறுநிமிஷம் ஊர் முழுக்கப் பனி உருகிவிடுகிறது. பத்து வருஷத்துக்கு மேலாக அடைத்துவைத்த பயம் அப்படியா போகும்? எங்கள் வீட்டில் அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போனது 14 வயதில், பாட்டிக்குக் கைத்துணையாக. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் மரத்துக்குக் காயம். காயம் ஆறும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாக எழும்பிவிடும், பிறகு அங்கே கத்தி ஓடாது. சரி என்று மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தியை நிறுத்த வேண்டும். அதுவும் விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நிதானமாகப் பார்த்துச் செய்யவும் நேரம் கிடையாது. அம்மா முதல் நாளே நாலு மரத்தைக் காயப்படுத்திவிட்டார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணி எல்லார் முன்னிலும் ஏசினார். மறுநாள் அம்மாவுக்குக் கை நடுங்கியது. பட்டையைத் தடவின மாதிரி சீவிவிட்டு வந்தார். பால் பிடிக்கும் மங்கில் அடிகூட நனையவில்லை. அரைப்பேர்தான் போட்டார்கள், அதாவது அரை நாள் கூலி.

பாட்டி என்ன செய்தார் தெரியுமா? கத்தியைப் பிடுங்கவில்லை. 'நீ வீட்டிலேயே இரு' என்று சொல்லவில்லை. சாயங்காலம், வெட்டிச் சாய்க்கக் குறி போட்டிருந்த கிழட்டு மரங்கள் நின்ற பக்கம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். "இதெல்லாம் சாகப்போற மரம். எவ்வளவு வேணும்னாலும் காயம் பண்ணு" என்று சொல்லிவிட்டு, எட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டார். ஒரு வாரம் அம்மா அந்த மரங்களைக் குதறினார். குதறிக் குதறித்தான் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிந்தது. 80 வயதிலும் அவர் மாங்காய்த் தோல் சீவினால் ஒரே நாடாவாக, அறுபடாமல் கீழே இறங்கும். நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்கள் மகளுக்கும் ஒரு கிழட்டு மரம் தேவை. சிலம்பம் சொல்லித்தரும் மாஸ்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கம்பு இல்லாமல் காலடி மட்டும் கொஞ்ச நாள் போடட்டும். பிறகு ஒரு வாழைமட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, கம்பை வேகமாகக் கொண்டுவந்து மட்டையில் படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் அடிதான் விழும். விழட்டும், வாழைமட்டைக்குத் தையல் போட வேண்டாம். இன்னொன்று, கம்பு எடுக்குமுன் திரும்பிப் பார்த்து, சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அன்றைக்குத் தவறியது அதுதான். அவள் கையில் தப்பு ஏதும் இல்லை. இதை நீங்கள் உங்கள் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். "அன்னிக்கு அம்மா பயத்துல கத்திட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டால் நம் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

கையுறையைப் பிடுங்காதீர்கள். படத்தில் தங்கைக்காரி பிடுங்கித்தான் அத்தனை ரகளையும். தானாகக் கழற்றுகிற வேலையாகக் கொடுங்கள். சப்பாத்திக்கு மாவு பிசையச் சொல்லலாம். சின்னவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட அவளையே கூப்பிடலாம். ரப்பர் போட்ட கையோடு எண்ணெய்த் தலையைப் பின்னிப் பாருங்கள், இரண்டு நிமிஷத்தில் அலுத்துப்போகும். சின்னவளுக்குப் பயம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவள் அக்காவைப் பார்த்துப் பயந்ததாக ஒரு வரிகூட இல்லை. படத்திலும் தங்கைதான் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

தலைவி பதவியை இப்போதைக்கு விடச் சொல்லாதீர்கள். வகுப்பாசிரியரிடம் பேசி, முதல் மாதம் ஆண்டு 1 பிள்ளைகளைக் கைபிடித்து வரிசையில் கூட்டிப்போகும் வேலையை மட்டும் வாங்கிக்கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் கேட்காமலேயே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு செய்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகாவிட்டால், பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: இந்த வெள்ளைக்கார ராணியைத்தான் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். நம் கதைகளில் இப்படி ஒரு பெண் இல்லையா? (ஒரு தாத்தா, பீடோர்)

பதில்: இருக்கிறாளே! தடாதகை. மீனாட்சி என்றால்தான் பலருக்கும் தெரியும். திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியன் பிள்ளை வேண்டி வேள்வி செய்கிறான். தீயிலிருந்து மூன்று வயதுப் பெண்குழந்தை எழுந்து வருகிறது, மூன்று முலைகளோடு. ராஜா கலங்கிப்போகிறான். ஆண்பிள்ளையும் இல்லை, வந்த பெண்ணும் ஊரில் இல்லாத மாதிரி இருக்கிறாள். அப்போது அசரீரி சொல்கிறது: இவளை ஆண்மகன் போலவே வளர்த்து முடிசூட்டு, கணவனைக் காணும்போது ஒரு முலை மறையும் என்று.

தாத்தா, இங்கேதான் எனக்குப் பாண்டியனைப் பிடிக்கும். அவனும் அந்தப் பனிநாட்டு ராஜா மாதிரியே பயந்தவன்தான். ஆனால் அவன் பெண்ணை அறையில் பூட்டவில்லை. யானையேற்றம், குதிரையேற்றம், படைக்கலம் என்று எல்லாம் கற்றுக்கொடுத்தான். அதனால்தான் அவள் அரசியாகி, திக்கெல்லாம் வென்று, கயிலை வரைக்கும் போய் நிற்கிறாள். மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாளில் இன்றைக்கும் அவளுக்குப் பட்டாபிஷேகம், அதற்குப் பிறகுதான் திக்விஜயமும் திருக்கல்யாணமும். செங்கோல் வாங்கும் காட்சியை இரண்டு கதையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்சா கையுறையைக் கழற்றிச் செங்கோலைப் பிடித்ததும் அதில் பனி படர்கிறது, அவள் நடுங்குகிறாள். தடாதகைக்கு அந்த நடுக்கம் இல்லை, கை பழகிய கை.

கணவனைக் கண்டதும் மறைந்தது என்கிற பகுதியில் எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. கோயில் திருவிழா நேரத்தில் அதை எழுதி வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை.

கேள்வி: அந்தப் படக்கதை ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது என்கிறார்களே, அதிலும் ராணி பயப்படுகிறாளா? (கல்லூரி மாணவி, தஞ்சோங் மாலிம்)

பதில்: இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்சன் 1844-இல் எழுதிய பனி அரசி கதையிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் அந்த அரசி யாருக்கும் பயப்படாதவள், ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போகிறவள். அவனைத் தேடிப் போகும் சின்னப் பெண்தான் அதில் நாயகி. 2013-இல் வந்த படத்திலும் எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்தார்களாம். அந்தப் பாட்டு எழுதி வந்த பிறகு, இப்படிப் பாடுகிறவள் வில்லியாக இருக்க முடியாது என்று கதையையே மாற்றினார்கள். 2019-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அரியணையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விடுகிறாள். அதைப் பார்த்து என் பேத்தி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, நான் எழுதின கதை மாதிரி.

கேள்வி: புத்ரி குனோங் லேடாங்கும் இந்த மாதிரி ராணிதானே? (ஓர் ஆசிரியர், தங்காக்)

பதில்: மலாய்க் கதைகளில் வரும் அந்த லேடாங் மலை இளவரசிக்கு மாய சக்தி உண்டு, பயம் துளியும் கிடையாது. மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆளனுப்பினால், தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் ஈரல், கடைசியில் அவருடைய மகனின் ரத்தம் என்று பட்டியல் போட்டு அனுப்பியவள். வேண்டாம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொன்னவர்கள் குறைவு. உங்கள் ஊர்க்காரர்கள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே காலைத் தேநீர் குடிக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள்.

கேள்வி: என் 7 வயதுப் பேரன் எல்சா போட்டிருக்கும் நீலக் கவுன் வேண்டும் என்கிறான். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். (ஒரு பாட்டி, தெலுக் இந்தான்)

பதில்: எங்கள் தோட்டத்தில் திருவிழா நாடகம் என்றால் அல்லி ராணி வேடம் என் மாமாவுக்குத்தான். பகலில் பால்மரம், ராத்திரியில் மதுரை ராணி. மீசை எடுக்க வேண்டுமே என்று ஒவ்வொரு வருஷமும் புலம்பிக்கொண்டே எடுப்பார். விடிகாலைப் பெரட்டுக்கு முகத்தில் அரிதாரம் பாதி ஒட்டியபடி வந்து நிற்பார். கங்காணி பெயரைக் கூப்பிடாமல் "ராணி வந்தாச்சா?" என்பார். மாமா "வந்தாச்சு" என்று ராணிக் குரலிலேயே சொல்லிவிட்டு வாளியைத் தூக்குவார்.

பேரனுக்குத் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷமும் கேட்பான்.