மைனிக்கு உடற்பயிற்சி வகுப்பு, எனக்கு வெறும் நோட்டீஸா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 49. கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) 22 வருடமாக வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து எங்கள் ஊருக்கு வந்து, உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை நோய் வராமல் தடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். எனக்கு வெறும் வயிற்றில் 114. கையெழுத்து வாங்கிக்கொண்டு குலுக்கல் போட்டார்கள். பக்கத்து வீட்டு மைனிக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி வகுப்பு. எனக்கு ஒரு நோட்டீஸும், கையில் கட்ட அடி எண்ணும் கருவியும் மட்டும். ‘வழக்கம்போல இருங்கள், ஆறு மாதம் கழித்து வருகிறோம்’ என்று போய்விட்டார்கள். ‘உங்களைச் சோதனை எலி ஆக்கிவிட்டார்கள், விலகிவிடுங்கள்’ என்கிறான் மகன். விலகட்டுமா? இல்லை, மைனி செய்வதைப் பார்த்து நானும் யாருக்கும் தெரியாமல் நடக்கட்டுமா?

பதில்: நடங்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல் வேண்டாம். விலகுவதும் விலகாததும் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் இருங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் குலுக்கல். உங்களுக்கு மனத்தாங்கல் அதில்தான், எனக்குப் புரிகிறது. நடந்தால் நல்லது என்று நோட்டீஸிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஒருவருக்கு வகுப்பும் இன்னொருவருக்கு நோட்டீஸும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ‘விருப்பம் உள்ளவர்கள் வகுப்புக்கு வாருங்கள்’ என்று கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றும். அப்படிக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முட்டுவலி இல்லாதவர், வீட்டில் சமைத்துவைக்க மருமகள் இருப்பவர், ஏற்கெனவே காலையில் சானல்கரையில் நடந்துகொண்டிருப்பவர். ஒன்றரை வருடம் கழித்து அவர்களுக்குச் சர்க்கரை வரவில்லை என்றால், அது வகுப்பால் வராமல் இருந்ததா, அவர்கள் உடம்புவாகே அப்படியா?

இது வெறும் கற்பனை இல்லை. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டரின் குழு 1953இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர்களுக்குக் குறைவு. சரி, உட்கார்ந்தே இருப்பதுதான் காரணம் என்று அன்றே முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் அதே குழு ஒரு காரியம் செய்தது. சீருடை தைக்க எடுத்த அளவுக் கணக்கைத் தேடிப் பிடித்து, பேன்ட்டின் இடுப்பளவைப் பார்த்தார்கள். 1956இல் அதையும் வெளியிட்டார்கள். இளவயது டிரைவர்களுக்கே கண்டக்டர்களைவிட இடுப்பு பெரிது! அப்படியானால் மாரடைப்புக்குக் காரணம் சீட்டா, வேலைக்குச் சேரும்போதே இருந்த தொப்பையா? தன் முடிவில் தானே ஓட்டை தேடிய இந்த டாக்டர்கள் மேல் எனக்கு ரொம்ப மரியாதை. குலுக்கல் போடுவது அந்த ஓட்டையை அடைக்கத்தான். தொப்பை உள்ளவர், இல்லாதவர், மருமகள் உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள். மைனி பெயர் அந்தப் பக்கம் போனதில் சிபாரிசு எதுவும் கிடையாது.

அடுத்தது ‘வெறும் நோட்டீஸ்’ கூட்டம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டது. சாதாரண அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்று வருடத்தில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் விடாமல் சொல்லிக்கொடுக்கப்பட்ட பிரிவில் 39 பேருக்கு. இன்றைக்கு உங்களைப் போன்றவர்களிடம் நான் ‘நடங்கள்’ என்று தைரியமாகச் சொல்வது இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான். அதில் 39 மட்டும் இருந்து 55 இல்லை என்றால் என்ன சொல்ல முடியும்? 39 அதிகமா குறைவா என்றே தெரியாது. அந்த 55ஐத் தந்தவர்கள், இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்தவர்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகா. அங்கே 1007 பேரைச் சேர்த்துச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு ஒன்று நடத்தினார்கள், முடிவு 2018இல் வந்தது. அங்கே ஆளுக்கு ஆள் குலுக்கல் போடவில்லை. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரே தெருவில் ஒருத்தி வகுப்புக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி மதில் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வாள் அல்லவா, அந்தத் தொல்லை இதில் குறைவு. உங்கள் ஊருக்கு வந்தவர்களும் இதை யோசித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மைனியையும் உங்களையும் இரண்டு பக்கம் பிரித்துவிட்டு, இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்றால் நடக்கிற காரியமா?

நெய்யாற்றின்கரை முடிவு என்ன? இரண்டு வருடத்தில் புத்தகமும் அறிவுரையும் மட்டும் பெற்ற பிரிவில் 17.1 சதவீதம் பேருக்கும், குழுவாகக் கூடிப் பழகிய பிரிவில் 14.9 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது. வித்தியாசம் சின்னது, தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். நடை வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நூறு பேரை நடக்க வைப்பது ஒன்று, ஒரு தாலுகாவையே நடக்க வைப்பது வேறு. இரண்டாவதை எப்படிச் செய்வது என்பதற்காகத்தான் இன்னும் உங்கள் வாசல் வரை வருகிறார்கள்.

இப்போது மகனின் பயம். அவன் கேட்பது நல்ல கேள்வி, தட்டிவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் தமிழில் இருந்ததா? அதன் நகல் உங்கள் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது, யாருக்கு போன் செய்வது என்று அந்தத் தாளில் இருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணையும் கேளுங்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007இல் தொடங்கிய மத்திய அரசுப் பதிவேடு அது. மகன் போனிலேயே எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினால், அப்போது நானும் மகன் கட்சிதான். பல ஆய்வுகளில், எல்லாம் முடிந்த பிறகு நோட்டீஸ் கூட்டத்துக்கும் அதே வகுப்பை நடத்துவார்கள். உங்களுக்கும் உண்டா என்று கேட்டுவையுங்கள்.

நடையை ஏன் மறைக்கக் கூடாது? ‘வழக்கம்போல இருங்கள்’ என்றால் பொதுவாக ‘நடக்காதே’ என்று அர்த்தம் இல்லை. அவர்களை போனில் கூப்பிட்டு, ‘நான் நடக்க ஆரம்பித்திருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்வார்கள். மறைத்தால்தான் கணக்கு கோணலாகும். என்னிடம் வந்த ஒரு தாத்தா, வேறொரு ஆய்வுக்குக் கொடுத்த கருவியைப் பேரன் கையில் கட்டி விளையாட அனுப்பிவிட்டார். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காத மனிதர் ஒரு நாளில் 19,000 அடி நடந்ததாகக் கணக்கு! கேட்டால், ‘வந்த பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் டாக்டரே’ என்றார். உங்கள் கருவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

உங்கள் 114க்கு வருகிறேன். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை விளிம்பு என்று கணக்கு. உங்களுக்கு இன்னும் சர்க்கரை நோய் இல்லை. ‘நாள் முழுக்க வேலை செய்கிறேனே, அது போதாதா’ என்று அண்டி ஆபீஸ் அக்காமார் எல்லாரும் கேட்பார்கள். உடைப்பதும் தொலி உரிப்பதும் தரம் பிரிப்பதும் கைக்கு வேலை. அசதி வரும், தோள் கடுக்கும். ஆனால் தொடையும் இடுப்பும் சும்மாதான் இருக்கின்றன. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பதில் அந்தப் பெரிய தசைகளுக்குத்தான் முக்கியப் பங்கு. அதனால் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலு எட்டு வையுங்கள். கூலி உரித்த எடைக்குத்தான், எழுந்தால் நஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஒரு மணிக்கு ஒரு தரமாவது முடியும்.

வேலை விட்டு வரும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுங்கள். பேசிக்கொண்டே நடக்கலாம், பாட்டுப் பாட மூச்சு போதாது, அந்த வேகம் சரி. தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். இடவப்பாதி மழையில் சானல்கரை வழுக்கும், ரப்பர் செருப்போடு அங்கே போகாதீர்கள், வீட்டு வராந்தாவிலேயே நடங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, இடது கை கடுத்தாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மரச்சீனிக் கிழங்கு சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் இன்று அதைத் தொடவில்லை.

ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுக்க வரும்போது ரிசல்ட்டைக் கையில் வாங்காமல் அனுப்பாதீர்கள். 126ஐத் தொட்டிருந்தால் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டு என்னிடமோ வேறு டாக்டரிடமோ வந்துவிடுங்கள். மைனியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்க எனக்கும் ஆசைதான்.