சேலம் சூனிய விசாரணை: ரொட்டியில இருந்த பூஞ்சைதான் காரணமா?

கேள்வி: சார், என் பொண்ணு பி.ஏ. ஹிஸ்டரி படிக்கிறா, 1692 சேலம் சூனிய விசாரணை பத்தி செமினார் எடுக்கணுமாம் (அமெரிக்கா சேலம், நம்ம மாம்பழ சேலம் இல்ல). தானியத்துல வந்த ஒரு பூஞ்சைய சாப்ட்டு ஊருக்கே புத்தி பேதலிச்சிடுச்சு, அதான் காரணம்னு யூட்யூப் பாத்துட்டு ஸ்லைடு ரெடி பண்ணி வச்சிருக்கா. உண்மையா? அந்தப் பூஞ்சை கம்புலயும் வரும்னு வேற சொல்றா, எங்க வீட்ல அடிக்கடி கம்பங்கூழ் குடிப்போம், பயமா இருக்கு.

பதில்: வணக்கம்மா. நான் பயிர் நோய் படிச்ச ஆளு, அதனால இந்தப் பூஞ்சை மேல எனக்குக் கொஞ்சம் பாசமே உண்டு, ஆனாலும் சொல்றேன், சேலம்ல சூனியக்காரங்கன்னு சொல்லி 19 பேர தூக்குல போட்டதுக்கு அது காரணம் இல்ல. பொண்ணுகிட்ட ஸ்லைட அழிக்க சொல்லாதீங்க, தலைப்புல ஒரு கேள்விக்குறி மட்டும் போட சொல்லுங்க.

மொதல்ல பூஞ்சை. பேரு எர்காட். கோதுமை மாதிரி ரைன்னு ஒரு தானியம் இருக்கு, அது பூக்குற நேரத்துல குளிரும் ஈரமும் சேந்து இருந்தா பூவுக்குள்ள புகுந்துடும், மணி இருக்க வேண்டிய எடத்துல கருஊதா நிறத்துல கட்டியா கொம்பு மாதிரி ஒண்ணு வளரும், அது அறுவடைல கலந்து மாவோட மாவா அரைபட்டு ரொட்டிக்குப் போயிடும். விஷம் ரெண்டு விதமா வேலை காட்டும். ஒண்ணு, ரத்தக்குழாய் சுருங்கி கை கால் கருத்து அழுகிப் போறது, இடைக்கால ஐரோப்பாவுல இதுக்கு புனித அந்தோணியார் நெருப்புன்னு பேரு. இன்னொண்ணு நரம்ப தாக்குறது, வலிப்பு, தோலுக்கடியில எறும்பு ஊர்ற மாதிரி உணர்வு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது. இந்த எர்காட் சரக்க ஆராஞ்சுதான் ஆல்பர்ட் ஹாஃப்மன்னு ஒரு விஞ்ஞானி 1938ல எல்எஸ்டிங்கிற போதை மருந்த தயாரிச்சார். யூட்யூப்காரங்களுக்கு இந்த ஒரு வரி போதும், ஊரே போதைல ஆடுச்சுன்னு தம்ப்நெயில் போட்ருவாங்க. (இதே குடும்பத்து மருந்துதான் பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்க நிறுத்த ஆஸ்பத்திரில போடுற மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி, அத யாரும் சொல்ல மாட்டாங்க.)

இந்தத் தியரிய சேலத்துக்குக் கொண்டு வந்தது லிண்டா கேப்பரேல்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1976ல சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க. லேசுல தள்ளிட முடியாத வாதம்தான். சேலம் வில்லேஜ்ல ரை விளைஞ்சது, பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்ல பொண்ணுங்களுக்கு வலிப்பு வந்தப்ப சூனியம் வச்சது யாருன்னு கண்டுபிடிக்க ரை மாவுல அந்தப் பொண்ணுங்களோட சிறுநீர் கலந்து அடை சுட்டு நாய்க்குப் போட்டதே ரெக்கார்டுல இருக்கு. 1691 வசந்தம் ஈரமா இருந்திருக்கணும், குற்றம் சாட்டின பொண்ணுங்கள்ல பல பேர் ஊருக்கு மேற்கால சதுப்பு நிலத்துப் பக்கம் இருந்தவங்க, அடுத்த வருஷம் வறட்சி வந்ததும் எல்லாம் அடங்கிடுச்சுன்னு கோத்துக் கோத்து சொன்னாங்க.

ஆனா அதே வருஷக் கடைசில அதே பத்திரிகைல ஸ்பானோஸ், காட்லீப்னு ரெண்டு பேர் பதில் எழுதினாங்க, என்ன கேட்டா அங்கேயே கேஸ் முக்காவாசி முடிஞ்சுது. ஒரே வீட்ல ஒரே அடுப்புல சுட்ட ரொட்டிய எல்லாரும் சாப்பிடறாங்க, வலிப்பு ஒரு பொண்ணுக்கு மட்டும் வருது, எப்படி? நரம்ப தாக்குற வகை வைட்டமின் ஏ குறைச்சலா இருக்குற எடத்துலதான் அதிகம் வரும்னு அவங்க காட்டினாங்க, சேலம்லயோ பாலும் மீனும் தாராளம். வாந்தி, பேதி, வலிப்பு விட்டதும் அகோரப் பசி, இதெல்லாம் எர்காட்டோட கூடவே வர்றது, ரெக்கார்டுல இதுங்க சரியா பொருந்தல.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படறது வலிப்பு வந்த நேரம். குற்றம் சாட்டப்பட்டவங்க கோர்ட்டுக்குள்ள வந்து பாத்தா வலிப்பு வருது, அவங்க கை பட்டா நின்னுடுது. ரெபேக்கா நர்ஸ்னு 71 வயசு பாட்டி, அவங்க தலைய ஒரு பக்கம் சாச்சா பொண்ணுங்க கழுத்தும் அதே மாதிரி வளையுது. வயித்துல இருக்குற விஷத்துக்கு கோர்ட் கூண்டுல யாரு நிக்கிறாங்கன்னு எப்படிம்மா தெரியும்? 1688லயே பாஸ்டன்ல குட்வின் வீட்டுப் பிள்ளைங்களுக்கு கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்து, குளோவர்னு ஒரு ஐரிஷ் கிழவிய தூக்குல போட்டாங்க, அத காட்டன் மேதர்ங்கிற பாதிரியார் புத்தகமாவே போட்டுட்டாரு, அதனால சூனியம் பட்டவங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு அந்தக் காலத்து ஜனங்களுக்கு நல்லாவே தெரியும். அதுக்காக பொண்ணுங்க எல்லாரும் நடிச்சாங்கன்னு நான் சொல்லல, பயத்துல உடம்பு நிஜமாவே இழுத்துக்கும்.

அப்ப என்னதான் காரணம்னா, ஒண்ணு இல்ல. பாரிஸ் பாதிரியாருக்கு சம்பளமும் விறகும் குடுக்க மாட்டோம்னு ஊர்ல ஒரு கோஷ்டி 1691லயே கெளம்பியாச்சு, பட்னம் குடும்பத்துக்கும் போர்ட்டர் குடும்பத்துக்கும் பழைய பகை, புகார்ல பெரும்பங்கு பட்னம் வீட்டோடது. வடக்க மெய்ன் பக்கம் பிரெஞ்சுக்காரங்க, பூர்வகுடிகளோட சண்டை, ஊரு எரிஞ்சு ஓடி வந்த அகதிகள் நிறைய, அதுல ஒருத்திதான் மெர்சி லூயிஸ், பட்னம் வீட்டு வேலைக்காரி, முக்கிய சாட்சிகள்ல ஒருத்தி. மாசசூசெட்ஸ் காலனிய (சேலம் இருக்குற எடம்) ஆள இங்கிலாந்து ராஜா குடுத்த பழைய சாசனம் 1684ல ரத்து, புதுசு 1692 மே மாசம் கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் கையோடதான் வருது, நடுவுல சட்டப்படி எதுவும் உறுதியா இல்ல.

இவ்ளோ இருந்தும் தூக்கு வரைக்கும் போனதுக்குக் காரணம் கோர்ட்டுதான்னு நான் சொல்வேன். ஃபிப்ஸ் இதுக்குன்னே ஒரு ஸ்பெஷல் கோர்ட் போட்டாரு, அங்க ஆவி சாட்சிய ஏத்துக்கிட்டாங்க, அதாவது "இவளோட உருவம் ராத்திரி வந்து என் கழுத்த நெரிச்சுது"ன்னு சொன்னா அது சாட்சி, அந்த நேரம் நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னாலும் தப்பிக்க வழி இல்ல. அதோட ஒத்துக்கிட்டவங்கள தூக்குல போடாம வச்சிருந்து இன்னும் யார் யாருன்னு கேட்டாங்க, பாரிஸ் வீட்டு அடிமைப் பொண்ணு டிட்யூபா மாதிரி ஒத்துக்கிட்டவங்க பொழச்சாங்க, நான் செய்யலன்னு கடைசி வரைக்கும் நின்னவங்கதான் செத்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் நாலு பேர் சொல்லாம என்ன பண்ணுவாங்க? 150 பேருக்கு மேல மாட்டினாங்க. 19 பேருக்குத் தூக்கு, அதுல 5 பேர் ஆம்பளைங்க. கைல்ஸ் கோரின்னு 80 வயசு பக்கம் ஆன பெரியவர் வாயே தெறக்க மாட்டேன்னாரு, நெஞ்சு மேல கல்லு ஏத்தி ஏத்தி கொன்னாங்க. ஜெயில்ல செத்தவங்க தனி. யாரையும் எரிக்கல, அந்தப் படம் ஸ்லைடுல இருந்தா எடுத்துட சொல்லுங்க, எரிச்சது ஜெர்மனி ஸ்காட்லாந்து பக்கம்.

செமினார்ல சார் கண்டிப்பா கேக்கப் போறது, அப்ப எப்படி நின்னுதுன்னு. புகார் மேல மேல போயி கவர்னர் மனைவி பேர் வரைக்கும் அடிபட, ஃபிப்ஸ் 1692 அக்டோபர்ல அந்தக் கோர்ட்ட கலைச்சாரு. 1693 ஜனவரில வந்த புது கோர்ட்ல ஆவி சாட்சி எடுபடல, 3 பேருக்கு மட்டும்தான் தண்டனை வந்துது, அவங்களையும் ஃபிப்ஸ் தூக்குல போட விடல. வறட்சில பூஞ்சை போனதால நின்னுதுன்னு சொல்ற வாதத்துக்கு இந்த ஒரு ஸ்லைடு போதும்.

இனி கம்பு. பொண்ணு சொன்னது சரிதான், கம்புல வர்றது இதே இனத்துல வேற ஒண்ணு, நம்ம விவசாயிங்க தேன் ஒழுகல் நோய்னு சொல்றது, கதிர்ல பிசுபிசுன்னு வடியும். அந்தக் கம்பு சாப்ட்டு ராஜஸ்தான், மகாராஷ்டிரா பக்கம் ஜனங்களுக்கு நோய் வந்திருக்கு, ஆனா வந்தது வாந்தி, தலைசுத்தல், அசதித் தூக்கம், வலிப்பெல்லாம் இல்ல. நல்ல கடைல சுத்தம் பண்ணி வர்ற கம்புக்கு நீங்க பயப்பட வேண்டாம். ஊர்ல இருந்து மூட்டையா வந்தா மட்டும் மொறத்துல பொடைச்சு, மணியை விட நீளமா கருப்பா இருக்குறத பொறுக்கிடுங்க. சந்தேகமா இருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் உப்பு போட்டுக் கரைச்சு கம்ப அதுல கொட்டுங்க, அந்தக் கட்டி லேசு, மேல மிதக்கும், வழிச்சு எறிஞ்சுட்டு நல்ல தண்ணில ரெண்டு மூணு தரம் அலசிக் காயப்போட்டு அரைச்சுக்கலாம். மாவா வாங்குனா இது எதுவும் பாக்க முடியாது, அதனால முழு கம்பாவே வாங்குங்க.