கோவளம் ஜெட் ஸ்கீ: அட்வான்ஸ் கொடுக்கும் முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

கோவளம் பக்கம் ஒருவர் விற்கும் பழைய மூன்று சீட்டு யமஹா ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) பளபளவென்று இருக்கிறது, ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து காட்டினார், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். தரையில் பத்து விநாடி ஓடியதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

முதலில் சீட்டைத் தூக்குங்கள். நம் கடல் உப்பு யாரையும் விடாது. போல்ட் தலைகள் வெள்ளையாகப் பூத்து, வயர் முனைகளில் பச்சை படிந்திருந்தால் ஓட்டியபின் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியதே இல்லை என்று அர்த்தம். நான் இதைப் பார்க்காமல் வாங்கி, மூன்றே மாதத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றினேன். ஆயில் குச்சியை உருவுங்கள், பால் காபி நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் கொடுக்கும் அழுத்தம், பாருங்கள், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் குனிந்து, தண்ணீர் உள்ளே போகும் கம்பித் தடுப்பு வழியாக டார்ச் அடித்தால் இம்பெல்லர் (தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறி) தெரியும். இலை நுனி மடங்கியோ, சுற்றியுள்ள வளையம் மணல் தேய்த்துப் பள்ளமாகியோ இருந்தால் எஞ்சின் அலறும், வண்டி நகராது.

கடைசியில் தண்ணீரில் இறக்கி இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு மறுபடி சீட்டைத் தூக்கி, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். இறக்குமதிச் சுங்கக் காகிதத்தில் உள்ள எண்ணும் ஹல்லில் (வண்டியின் அடி உடலில்) உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.