வாசகர் கேள்வி–பதில்: ஆவிக்கூடையும் நான்கு தோழிகளும்

கேள்வி: கல்லூரித் தோழியர் நால்வர் சிங்கப்பூர் செல்லவிருக்கிறோம். அங்குள்ள டின் டாய் ஃபங் உணவகத்தில் சூப் டம்ப்ளிங் (உள்ளே சூப்பு நிறைந்த, ஆவியில் வெந்த மாவுப் பொதி) உண்டே தீர வேண்டும் என்று ஒருத்தி பிடிவாதமாக இருக்கிறாள். எங்களில் ஒருத்தி சைவம், இன்னொருத்தி பன்றி இறைச்சி உண்பதில்லை. உதகையில் மோமோ உண்டு பழகியவர்கள் நாங்கள். இதை எப்படி உண்பது, எப்படி வாங்குவது?
– வாசகி, குன்னூர்

பதில்: தோழியின் பிடிவாதம் நியாயமானதே. தைவான் தலைநகர் தைபேயில் யாங் பிங்-யி என்பவர் 1958-இல் சமையல் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய கடை அது. டின்களில் அடைத்த எண்ணெய் சந்தைக்கு வந்து வியாபாரம் சரிந்தபோது, கடையின் ஒரு பாதியில் டம்ப்ளிங் விற்கத் தொடங்கி, நாளடைவில் முழு உணவகமாகவே மாற்றிக்கொண்டார். ஷாங்காயை அடுத்த நான்ஷியாங்கில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றிருந்த இப்பண்டத்தை, ஒவ்வொன்றுக்கும் 18 மடிப்பு, 21 கிராம் எடை என்று கணக்காகச் செய்வது இக்கடையின் சிறப்பு.

மோமோவைப் போல முழுதாக வாயில் போட்டுக்கொண்டால் நாக்கு வெந்துவிடும். உச்சியிலுள்ள முடிச்சைக் குச்சிகளால் மெதுவாகப் பற்றித் தூக்கி, இஞ்சித் துருவல் மிதக்கும் கறுப்பு வினிகரில் தொட்டுக் கரண்டியில் வைத்து, பக்கவாட்டில் சிறிதாகக் கடித்து, வழியும் சூப்பை உறிஞ்சிய பிறகே மீதியை உண்ண வேண்டும்.

எல்லோருக்கும் பரிமாறிய பின்பு கை வைப்பதுதான் நம் வழக்கம். இந்த மேசையில் மட்டும் அதை விட்டுவிடுங்கள். டம்ப்ளிங் வெந்து வரும் ஆவிக்கூடையின் மூடியைத் திறந்ததும் மாவுத்தோல் உலரத் தொடங்கி, சற்று நேரத்தில் கூடையோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது கிழிந்தால் சூப்பு முழுவதும் கூடைக்கே போய்விடும். ஆகவே எல்லாக் கூடைகளையும் ஒரே நேரத்தில் வரவழைக்காமல், ஒன்று தீரும் தறுவாயில் அடுத்ததைக் கேளுங்கள். புகைப்படம் எடுப்பவருக்கு முதல் கூடையோடு அனுமதி முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

உணவுக் கட்டுப்பாடுள்ள இருவரும் பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. சூப்பே பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து வருவது. நண்டு என்று எழுதியிருந்தாலும் அதில் பன்றி இறைச்சி கலந்திருப்பது வழக்கம். காய்கறி டம்ப்ளிங்கில் பொதுவாகச் சூப்பு இராது. வதக்கிய கீரையில்கூட இறைச்சிச் சாறு சேர்த்திருக்கக்கூடும் என்பதால், பணியாளரிடம் கேட்டறிந்த பின்பே வரவழையுங்கள். விலைப்பட்டியலிலுள்ள தொகைக்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு வரியும் சேரும். அந்தத் தொகையை நான்காக வகுத்து, கீரையும் சோறும் மட்டும் உண்டவள் தலையிலும் சமமாகச் சுமத்துவது அழகன்று.

கேள்வி: மூடிய மாவுக்குள் சூப்பு எப்படிப் போகிறது? இதை வீட்டில், சைவமாகவும், செய்ய முடியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: சூப்பு உள்ளே போகும்போது சூப்பாக இருப்பதில்லை. இரவில் மீந்த ஆட்டுக்கால் பாயா நம் மலைக் குளிரில் காலைக்குள் கட்டியாக உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றை அப்படித்தான் உறையவைத்து, பொடியாக நறுக்கி, கொத்திய இறைச்சியோடு கலந்து மாவில் பொதிகிறார்கள். ஆவியில் அது உருகிச் சூப்பாகிறது. வீட்டில் கோழிக்காலும் கோழித்தோலும் போதும். மார்கழி இரவில் சமையலறையிலேயே சாறு உறைந்துவிடும் என்றாலும் அதைக் குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. கோத்தகிரிக் கரடிகளுக்கு மோப்பம் அதிகம்.

மைதா மாவை நடுவில் சற்றுத் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் தேய்த்து, இட்லிக் கொப்பரையில் மெல்லிய கேரட் வில்லைகளைப் பரப்பி அவற்றின் மேல் வைத்தால் அடி ஒட்டாது. உங்கள் ஊரின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளிக்காரர்கள் சொல்லும் நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக வேகவிடுங்கள்.

சைவத்துக்குச் சைனா கிராஸ் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள்) உதவும். காளானும் வெங்காயமும் கொதித்த சாற்றில் அதைக் குறைவாகக் கரைத்து, மென்மையாக உறையவையுங்கள். ஆனால் இறைச்சிச் சாற்றின் உறைவு உடல் வெப்பத்துக்கே இளகிவிடும். இதுவோ சுமார் 85 டிகிரியில்தான் உருகும். கொப்பரையின் ஆவிக்கும் இதற்கும் இடைவெளி குறைவு என்பதால், துண்டுகளை மிகப் பொடியாக நறுக்குங்கள். டம்ப்ளிங்கையும் சிறிதாகப் பிடியுங்கள். சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சூப்பு மீண்டும் உறைந்துவிடும். பரிமாறும் தட்டுகளை முன்னரே வெந்நீரில் போட்டு எடுங்கள்.