பழைய வீட்டை அருங்காட்சியகமாகக் காக்க நிதி திரட்டல்: கேள்வி பதில்

கும்பகோணம்: முற்றம் வைத்த ஓட்டு வீடு எங்கள் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. முதலில் வசூலைத் தொடங்கிவிடலாமா?

வேண்டாம். மதிப்பீடு கையில் இல்லாவிட்டால் "எவ்வளவு ஆகும்?" என்ற முதல் கேள்விக்கே திணறுவீர்கள். பழங்கட்டட வேலை தெரிந்த பொறியாளரைக் கூரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். உத்திரமும் மரச்சட்டமும் சுவருக்குள் நுழையும் முனைகள்தான் முக்கியம். வெளியே தேக்கு திடமாகத் தெரியும், சுவருக்குள் ஒரு சாண் மக்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தெரிந்துவிடும்.

மழைக்கு முன் முடிக்க வேண்டியவை (ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி), அடுத்து மரவேலை, கடைசியில் பூச்சும் தரையும் என்று மதிப்பீட்டைப் பிரியுங்கள். எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதமும், ஒப்பந்தக்காரர் பில்லில் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேருங்கள். பாதி மதிப்பீடுகளில் இந்த இரண்டும் விட்டுப்போகும். ஓட்டைப் பிரித்த பிறகுதான் மரச்சட்டங்களின் உண்மை நிலை தெரியும் என்பதால், கூடுதல் செலவு முதல் கட்டத்திலேயே வந்து நிற்கும்.

மயிலாடுதுறை: வீடு இன்னும் நான்கு வாரிசுகள் பேரில் இருக்கிறது. பணம் கிடைக்குமா?

ஊர்க்காரர்கள் தரலாம், நிறுவனங்கள் தயங்கும். நால்வரும் கையெழுத்திட்ட தானப் பத்திரம் அல்லது நீண்டகாலக் குத்தகை வாங்குங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

திருவாரூர்: நன்கொடையாளர்கள் வரிவிலக்கு ரசீது கேட்கிறார்கள்.

80ஜி என்று வழங்கும் வருமான வரித்துறை அங்கீகாரம் உங்கள் அறக்கட்டளைக்கு இருந்தால்தான் அது செல்லும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் விலக்கு இல்லை, காசோலையோ யு.பி.ஐ.யோ கேளுங்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. மொய் நோட்டு மாதிரி பேரும் தொகையும் மட்டும் எழுதி வைத்தால் போதாது. முகவரியும் பான் எண்ணும் வாங்குங்கள். ஆண்டு முடிந்ததும் வருமான வரித்துறைக்கு விவரம் அனுப்பும்போது அவை இல்லாமல் தவிப்பீர்கள்.

நாகப்பட்டினம்: சிங்கப்பூர் உறவினர்கள் அனுப்பத் தயார். வாங்கலாமா?

பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும், அந்தப் பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக்கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

தஞ்சாவூர்: கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி கிடைக்குமா?

கிடைக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதும் இருக்கிறது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனிக்குத்தான் சி.எஸ்.ஆர். செலவு கட்டாயம். நம் ஊர் ஜவுளிக்கடையும் அரிசி ஆலையும் தருவது பெரும்பாலும் சாதாரண நன்கொடை. உங்கள் அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டு செயல்பாட்டையும் கேட்பார்கள்.

காலக்கணக்கு இங்கேதான் இடிக்கும். கம்பெனியின் கணக்கு மார்ச்சில் முடியும், அதற்குள் வேலையைக் காட்ட வேண்டும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையைத் திறக்க முடியாது. ஆகஸ்டுக்குள் ஒப்புதல் வாங்கி, ஓடும் மரமும் மழைக்காலத்தில் சேர்த்து, பொங்கல் முடிந்ததும் கூரையைப் பிரிப்பதே சரி. "வீட்டைக் காப்பாற்றுங்கள்" என்று போகாதீர்கள். "வடக்குத் தாழ்வாரக் கூரை, இவ்வளவு சதுர அடி, இவ்வளவு தொகை" என்று போங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிப்பதுபோல ஒரே நிறுவனம் முழுப் பொறுப்பேற்றால் பெரும் பாக்கியம், ஆனால் அதை எதிர்பார்த்துத் திட்டம் போடக்கூடாது.

திருவையாறு: ஒருவர் 200 மூட்டை சிமெண்ட் தருகிறேன் என்கிறார்.

சுவருக்கு வேண்டாம். ஆற்றுப்படுகையில் நிலத்தடி ஈரம் செங்கலில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். உப்புப் பூத்து, சில மழைக்காலத்தில் பூச்சோடு செங்கல் முகமும் உதிரும். புதிதாகக் கட்டும் கழிப்பறைக்குச் சில மூட்டை வாங்கிக்கொண்டு, மீதித் தொகைக்குச் சுண்ணாம்பும் ஓடும் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

சீர்காழி: வேலை முடிந்தபின் பராமரிப்புக்கு?

டிக்கெட் பணத்தை நம்பாதீர்கள். திரட்டுவதில் ஒரு பங்கை மூலநிதியாக வையுங்கள். "மூலநிதிக்கு" என்று நன்கொடையாளரே கடிதத்தில் எழுதித் தரவேண்டும். அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஆவணிக்குள் உடைந்த ஓடு மாற்றி, கரையான் பார்த்துவிடலாம். குரங்கு நடமாடும் ஊரென்றால் உதிரி ஓடு கொஞ்சம் தாராளமாகவே வாங்கி அடுக்குங்கள்.