கார் ஷெட்டுக்கு எந்த லைட்? மதுரை வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் கார் ஷெட் 10 அடிக்கு 18 அடி. நடுவில் 40 வாட் எல்.இ.டி. லைட் போட்டும் கார் கதவைத் திறந்து இறங்கினால் கால் வைக்கும் இடம் இருட்டாகவே இருக்கிறது. இன்னும் பெரிய லைட் வாங்க வேண்டுமா?
– திருநகர் வாசகர்

வேண்டாம். வாட்டில் குறையில்லை, லைட் மாட்டிய இடத்தில்தான் குறை. நடுக்கூரையில் இருக்கும் லைட்டின் வெளிச்சத்தில் பெரும்பகுதி காரின் கூரைமேல்தான் விழுகிறது. கார் அகலம் போக இருபுறமும் மிஞ்சுவது சுமார் இரண்டிரண்டு அடி. அந்தச் சந்தில் காரின் நிழல் விழுந்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். 180 சதுர அடி என்பது ஏறக்குறைய 16.7 சதுர மீட்டர். வண்டி நிறுத்தி எடுக்க 100 லக்ஸ் (சதுர மீட்டருக்கு 100 லூமன் வெளிச்சம்) தாராளம். அதாவது தரைக்கு 1,670 லூமன் வந்து சேர வேண்டும். தூசி, சுவர் நிறம், காரின் மறைப்பு எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் லைட்டிலிருந்து சுமார் 3,300 லூமன் புறப்பட வேண்டும். வாட்டுக்கு 100 லூமன் தரும் 20 வாட், நான்கடி பேட்டன் (டியூப் போல நீளமான எல்.இ.டி. லைட்) இரண்டு போட்டால் 4,000 லூமன் கிடைக்கும். இப்போது எரிகிற அதே 40 வாட்தான்.

அந்த இரண்டையும் நீளவாட்டில், இடச்சுவரில் ஒன்று, வலச்சுவரில் ஒன்றாக, தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் மாட்டுங்கள். எதிரெதிராக வேண்டாம். ஓட்டுநர் பக்கத்து லைட் கதவுக்கு நேராக இருக்கட்டும், மற்றது சற்று முன்னால் பானெட் பக்கம் தள்ளி இருக்கட்டும். பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கும் பழக்கம் இருந்தால் காருக்கு முன்னால் உள்ள சுவரில் 10 வாட் இரண்டடி பேட்டன் ஒன்று தனி சுவிட்சில் இருப்பது நல்லது. பின்னாலிருந்து வரும் எந்த வெளிச்சத்தையும் திறந்த பானெட் மறைத்துவிடும்.

சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சிமென்ட் பூச்சோடு விட்ட சுவர் வெளிச்சத்தை விழுங்கும். ஒரு வாளி வெள்ளைச் சுண்ணாம்பு, இன்னொரு லைட் வாங்குவதைவிட மலிவு.

தகர ஷெட். வாங்கிய எல்.இ.டி. பல்பெல்லாம் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. 'எல்.இ.டி. பத்து வருஷம் உழைக்கும்' என்கிறார்களே?
– உசிலம்பட்டி வாசகர்

எல்.இ.டி. சில்லு உழைக்கும். அதை ஓட்டும் டிரைவர் சர்க்யூட்தான் முதலில் போகிறது. டிரைவருக்குள் சின்னப் பீப்பாய் போல ஒரு மின்தேக்கி இருக்கும். சூட்டில் அதன் உள்ளிருக்கும் திரவம் காய்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. கத்திரி வெயிலில் மதுரைப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரி. தகர ஷீட்டைத் தொட்டால் கை பொத்துப்போகும். அந்த ஷீட்டை ஒட்டியே பேட்டனை ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் பத்து வருஷக் கணக்கெல்லாம் எங்கே நிற்கும்?

ஷீட்டில் மாட்டாதீர்கள். ஆங்கிளிலிருந்து ஒரு அடியாவது கீழே இறக்கியோ, பக்கச் சுவரிலோ மாட்டுங்கள். குண்டு பல்பு வடிவ எல்.இ.டி.யை மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போடுவதும் இதே தவறுதான், சூடு வெளியேற வழியில்லை. அலுமினிய உடம்புள்ள பேட்டன் பிளாஸ்டிக்கைவிட மேல்.

இரண்டாவது காரணம் மின்னழுத்தம். கிராமத்துப் பக்கம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் விழுகிறது. கரண்ட் போய்த் திரும்பும்போது ஒரு எகிறு எகிறுகிறது. பெட்டியில் '100–300 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா, 'சர்ஜ்' (இப்படி எகிறும் மின்னழுத்தம்) பாதுகாப்பு 2.5 கிலோவோல்ட்டா 4 கிலோவோல்ட்டா என்று பாருங்கள். ஒதுக்குப்புற ஷெட்டுக்கு 4 வாங்குங்கள். மாற்று பல்பு வாங்கினால் ஐ.எஸ். 16102 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத தள்ளுவண்டிச் சரக்குக்கு யாரும் பொறுப்பில்லை.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டுக்கு மும்முனை இணைப்பு இருந்து, சில லைட்டுகள் திடீரென்று பளீரென்று எரிந்து மற்றவை மங்கினால் அது பல்பின் கோளாறு அல்ல. நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கழன்றிருக்கிறது. உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அந்த நிலையில் சில பாயின்ட்டுகளுக்கு 400 வோல்ட்டுக்கு அருகில்கூடப் போகும், ஃபிரிட்ஜ் முதல் போன் சார்ஜர் வரை கருகும்.

பழைய டியூப் லைட் ஃபிட்டிங் நன்றாகத்தான் இருக்கிறது. எல்.இ.டி. டியூபை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?
– வில்லாபுரம் வாசகர்

மாட்டலாம், ஆனால் சோக்கும் ஸ்டார்ட்டரும் கிடக்கும்போது அப்படியே சொருகக் கூடாது. சோக் சூடாகிக் கரண்டைத் தின்னும், சில டியூபுகள் வெடித்தும் போகும். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கின் இரு வயரையும் எடுத்துவிட்டு நேராக இணைக்க வேண்டும். எல்.இ.டி. டியூபில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் பேஸும் நியூட்ரலும் ஒரே முனைக்கு வரும். மற்றதில் ஒரு முனையில் பேஸ், மறுமுனையில் நியூட்ரல். டியூபின் ஒட்டுத்தாளில் படம் இருக்கும், மாற்றிக் கொடுத்தால் நேரடியாக ஷார்ட் ஆகும். இரண்டாவது ரகத்தில் ஒரு முனையைச் சொருகியதும் கையில் இருக்கும் மறுமுனைப் பின்னில் கரண்ட் வரலாம். அதனால் சுவிட்சை மட்டும் நம்பி மாட்டாதீர்கள்.

வயர்மேன் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் முழு எல்.இ.டி. பேட்டனே வாங்கிவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சேமிப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். 36 வாட் டியூப், இரும்புச் சோக்கோடு சேர்த்துச் சுமார் 50 வாட் இழுக்கும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 15 யூனிட். 20 வாட் பேட்டன் 6 யூனிட். ஒரு லைட்டுக்கு 9 யூனிட் மிச்சம். உங்கள் ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதென்றால் இந்த ஒன்பதே பெரிய விஷயம். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருக்கும் குறைந்த விலையும் கைவிட்டுப் போகும்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஷெட் லைட் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?
– அலங்காநல்லூர் வாசகர்

சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் சொற்ப கரண்டே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் சரியாகிவிடும். அது இல்லையென்றால் சுவிட்சுக்குப் பேஸ் போவதற்குப் பதில் நியூட்ரல் போயிருக்கலாம். இது வெறும் மினுக்கல் தொல்லை அல்ல. சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் பேஸ் இருக்கும், ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றுகிறவருக்கு அடிக்கும். வயர்மேனை அழைத்துப் பேஸை சுவிட்சுக்கு மாற்றச் சொல்லுங்கள், வேலை அரை மணி நேரம்தான்.

ஷெட்டில் இரண்டு பைக், ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், ஓரத்தில் ஸ்பேர் காஸ் சிலிண்டர். எந்த லைட் பாதுகாப்பு?
– ஆனையூர் வாசகர்

முதலில் சிலிண்டரை அங்கிருந்து எடுங்கள். பெட்ரோல் ஆவியும் சமையல் காஸும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும், மூலையில் தேங்கும். அதனால்தான் ஷெட்டில் பிளக் பாயின்ட்டும் சுவிட்சும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே இருக்கக் கூடாது. நான்கடி உயரத்தில் வைப்பது உத்தமம். ஷட்டரின் அடியில் சந்து இருந்தால் அதை அடைக்காதீர்கள், ஆவி வெளியேற அதுவே வழி.

உள்ளே நுழையும்போது காஸ் நெடி அடித்தால் லைட்டைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. சுவிட்சுக்குள் இரு நேரத்திலும் பொறி பறக்கும். ஷட்டரைக் கையால் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பைக்குக்கு அடியில் பார்க்க நீள வயரில் குண்டு பல்பு தொங்கவிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கைதவறி விழுந்து உடைந்தால் இழை செஞ்சூட்டில் இருக்கும்போதே பெட்ரோலைத் தொடும். சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. கைவிளக்கு வாங்கிவிடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றும்போது அதையும் தரையில் வைக்காமல் மேலே மாட்டுங்கள்.

ஸ்கூட்டர் சார்ஜருக்கு லைட் பாயின்ட்டிலிருந்து வயர் இழுக்கக் கூடாது. அதற்கென 2.5 சதுர மி.மீ. செப்பு வயரில், தனி எம்.சி.பி.யோடு (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. வயரும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். ஷெட் முழுவதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழ் வரட்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அதை மாற்ற வேண்டும்.

சென்சார் லைட் போட்டோம். மார்கழியில் ஒழுங்காக எரிந்தது. சித்திரை வந்ததும் பக்கத்தில் போய்க் கையை ஆட்டினால்தான் எரிகிறது. சென்சார் பழுதா?
– கே.கே.நகர் வாசகர்

பழுதாக இருக்காது. மலிவு சென்சார்கள் பெரும்பாலும் உடம்புச் சூட்டுக்கும் பின்னாலுள்ள சுவரின் சூட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்து வேலை செய்பவை. சித்திரை சாயங்காலம் வெயில் தின்ற சுவரும் நம் தோலும் ஏறக்குறைய ஒரே சூடு. வித்தியாசம் இல்லாதபோது அதற்கு ஆள் தெரிவதில்லை. எட்டடி உயரத்தில், ஆள் அதை நோக்கி நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி மாட்டினால் ஓரளவு மேம்படும். எதிரே மேற்குச் சுவர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோவேவ் சென்சாருக்குச் சூடு ஒரு பொருட்டல்ல. ஆனால் அது பலகை, கண்ணாடி வழியாகவும் பார்க்கும். தெருவில் ஆட்டோ போனாலும், காற்றில் தகரம் ஆடினாலும் எரியும். செங்கல் சுவரும் இரும்பு ஷட்டரும் உள்ள ஷெட் என்றால் அதை வாங்கலாம், மரக்கதவு என்றால் வேண்டாம்.

மேலூர் பக்கம் கிரானைட் தூசி. எந்த ஐ.பி. எண் பார்க்க வேண்டும்?

ஐ.பி. 65. முதல் இலக்கம் தூசிக்கு (6 என்றால் துளிகூட நுழையாது), இரண்டாவது தண்ணீருக்கு (5 என்றால் ஹோஸ் பீய்ச்சலைத் தாங்கும்). வயர் நுழையும் ஓட்டையில் கேபிள் கிளாண்ட் (வயரைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் மூடி) போட்டு முடுக்காவிட்டால் 65 என்பது பெட்டியில் மட்டும்தான். மழை பெய்யும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று எழுதும் வாசகர்களும் முதலில் வாசல் லைட்டின் இந்த ஓட்டையைத்தான் பார்க்க வேண்டும். பல்லி நுழைந்து ஷார்ட் ஆவதும் இதே வழியாகத்தான்.

ஐப்பசி மழையில் லைட் போட்டதும் ஈசல் மொய்க்கிறது.
– வாடிப்பட்டி வாசகர்

6500 கெல்வின் வெள்ளை லைட்டைக் கழற்றி 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போடுங்கள். குறையும், ஒரேயடியாக நிற்காது.

'200 வாட் சோலார் லைட்' என்று விற்கிறார்கள். ஷெட் வாசலுக்குப் போதுமா?
– ஊமச்சிகுளம் வாசகர்

பெட்டியில் எழுதியதை விட்டுவிட்டு பேனலை அளந்து பாருங்கள். ஒரு சதுர அடிப் பேனல் உச்சி வெயிலில் சுமார் 15 முதல் 18 வாட் தரும், அதற்கு மேல் இல்லை. நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டு, பேட்டரி நஷ்டத்தைக் கழித்தால் 60 வாட்-மணி தேறும். இரவு பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் 6 வாட். வாசலில் சாவி துவாரம் தெரிய அது போதும், 200 என்ற எண்ணுக்குத்தான் அர்த்தமில்லை.

பேனலைச் சுவரோடு செங்குத்தாகத் தெற்கே பார்த்து மாட்டாதீர்கள். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருப்பதால் சித்திரை தொடங்கி ஆவணி நடுவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த நான்கு மாதமும் தெற்குச் சுவர்ப் பேனல் பாதிப் பட்டினி. கிட்டத்தட்டப் படுக்கையாக, தெற்கே 10 டிகிரி மட்டும் சாய்த்து, வேப்ப மர நிழல் படாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.