மூளைக் கட்டிக்கு மறுபடியும் ஏன் ஒரு எம்ஆர்ஐ?

"கான்ட்ராஸ்ட் போட்டு எம்ஆர்ஐ எடுத்தாச்சு, கட்டி பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் எதற்கு பெர்ஃப்யூஷன், டிடிஐ, ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்று எழுதித் தருகிறார்கள்?" என்பது உங்கள் கேள்வி. எம்ஆர்ஐ டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் இதைத்தான் அதிகம் கேட்பார்கள்.

பளிச்சென்று தெரியும் அந்த வெள்ளை வளையம் கட்டியின் எல்லை இல்லை. கான்ட்ராஸ்டாக ஊசியில் ஏற்றும் காடோலினியம் மருந்து ரத்தக்குழாயை விட்டுக் கசிந்த இடம், அவ்வளவுதான். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் லேசில் எதையும் வெளியே விடாது. கட்டி அதைக் கெடுத்த இடத்தில்தான் மருந்து கசியும். மூளையிலேயே பிறக்கும் கிளியோபிளாஸ்டோமா போன்ற தீவிரமான கட்டிகளின் செல்கள் சுவர் கெடாத பகுதிக்குள்ளும் முன்னதாகவே போயிருக்கும். வளையத்தைச் சுற்றி ஃபிளேர் என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் வெளுத்துத் தெரிகிற வீக்கம் வெறும் நீர்தானா, அதில் கட்டிச் செல்களும் கலந்திருக்கின்றனவா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1920-களில் சிலருக்கு மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் கட்டி திரும்பி வந்தது.

டாக்டர் எழுதித் தந்த ஸ்கேன்கள் அந்த வீக்கத்தைத்தான் துருவுகின்றன. பெர்ஃப்யூஷன் அங்கே ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று பார்க்கும். வேறு உறுப்பிலிருந்து வந்த கட்டி என்றால் சுற்றியுள்ள வீக்கத்தில் பொதுவாகக் கூடாது. மூளையிலேயே பிறந்த தீவிரமான கட்டி என்றால் கூடியிருக்கலாம்.

எனக்குப் பிடித்தது டிடிஐ. நரம்பிழைகளின் நீளவாக்கில் நீர் சுலபமாக நகரும், குறுக்கே அவ்வளவாக நகராது. அதை வைத்து இழைக் கற்றைகள் போகும் வழியை வரைந்துவிடலாம். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் அந்தக் கற்றைகளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்கின்றன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற பெரிய கற்றை வழியாக மறுபக்கம் தாண்டினால், படத்தில் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும். கற்றை ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா, உள்ளே கட்டி நுழைந்து குலைந்திருக்கிறதா என்பது அறுவை செய்பவருக்கு ரொம்ப முக்கியம். ஆனால் வீக்கமும் அந்த வரைபடத்தைக் கலைக்கும், கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும்.

ஸ்பெக்ட்ரோஸ்கோபி அந்த இடத்தில் உள்ள ரசாயனங்களை அளக்கும். அதில் செல் சவ்வோடு தொடர்புள்ள கோலின் ஏறி, நரம்பு செல்களில் இருக்கும் என்ஏஏ இறங்கினால் கட்டியின் பக்கம் சந்தேகம் கூடும். கபால எலும்பை ஒட்டிய இடங்களில் சிக்னல் கெட்டுப்போகும் என்பதால், அங்கே வந்த வரைபடங்களை நான் அவ்வளவாக நம்பியதில்லை.

எத்தனை ஸ்கேன் எடுத்தாலும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய செல்கள் தெரியாது. படத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் 2 மி.மீ. கனசதுரத்துக்குள்ளேயே லட்சக்கணக்கான செல்கள் இருக்கும். அதனால்தான் கதிர்வீச்சு கொடுக்கும்போது, தெரிகிற எல்லையைத் தாண்டியும் பொதுவாக ஒன்றரை, இரண்டு செ.மீ. சேர்த்துக்கொள்கிறார்கள்.

கதிர்வீச்சு முடிந்த முதல் 3 மாதங்களில் வளையம் பெரிதாகத் தெரிந்தால் உடனே பதறாதீர்கள். கட்டி வளராமல், சிகிச்சையின் விளைவாகவே அப்படித் தெரிவது உண்டு. பழைய படங்களோடு ஒப்பிட்டுத்தான் அதைப் பிரித்துச் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் ஃபிலிமோடு பழைய ஸ்கேன் சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள்.